கொச்சிக்கும் கோச்சிக்கும் நடுவில்

சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லை எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஆமிக்கு ஒரு எல்லை, இயக்கத்துக்கு ஒரு எல்லை, அரசாங்கக் கச்சேரிக்கு ஒரு எல்லை. வாவியின் இந்தக் கரை ஒருவருடையது, அந்தக் கரை மற்றவருடையது. நடுவில் கிடந்த தண்ணீர் மீனுடையது என்று பேசிக்கொண்டார்கள். மீனிடம் யாரும் கேட்கவில்லை. எல்லையைத் திட்டமாக அறிந்திருந்தது கோச்சி ஒன்றுதான். வெலிக்கந்தை வரைக்கும் அது சிங்களத்தில் ஊதும். புணானைக் காடு கழிந்ததும் தமிழில் ஊதத் தொடங்கும். நடுக்காட்டில் தண்டவாளத்தில் யானை நின்றால் இரண்டு பாஷையிலும் ஊதிப் பார்க்கும். யானை இரண்டுக்கும் அசையாது.

வெளியூர்க்காரருக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோச்சி என்றால் எங்களுக்கு ரெயில். கொச்சி என்றால் மிளகாய். அதன் முழுப்பெயர் கொச்சிக்காய். யாழ்ப்பாணத்தார் கேட்டால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அவசரத்தில் நாங்கள் ‘காய்’ சேர்ப்பதில்லை. எழுதும்போது ஒன்றுக்கு ஒற்றைக் கொம்பு, மற்றதுக்கு இரட்டைக் கொம்பு. அந்தக் கொம்பின் சுழி ஒன்றில் என் உயிர் ஒரு நாள் முழுக்கத் தொங்கியது.

என் மனைவி மங்கையற்கரசியின் தம்பி வினாயகமூர்த்தி. எனக்கு மச்சான், வயதிலும் என்னோடு ஒத்தவன். அவனுக்குக் கடவுள் கொடுத்த தொண்டை ஒரு ஆளுக்கானது அல்ல. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் நின்று அவன் மனைவியைச் சோறு போடச் சொன்னால், வாவிக்கு இந்தப் பக்கம் மூன்று வீட்டில் சோறு போடுவார்கள். அவன் மகள் புஸ்பத்துக்குக் கலியாணம் வைத்திருந்தோம். அரிசி இருந்தது, மீன் இருந்தது, மாப்பிள்ளையும் இருந்தான். கொச்சிக்காய் மட்டும் இல்லை. தெருவெல்லாம் மறித்து மாதக்கணக்கு. எங்கள் கரையில் கறிகள் எல்லாம் வெள்ளைக்காரன் தின்கிற நிறத்துக்கு வந்துவிட்டன.

வெலிக்கந்தைப் பக்கத்தில் திங்கிரிபண்டா என்று மிளகாய் பயிரிடுகிற ஒரு கமக்காரன் இருந்தான். சண்டைக்கு முன்னர் வினாயகமூர்த்தி கருவாடு கொண்டுபோய்க் கொடுத்துக் கொச்சிக்காய் வாங்கி வருவான். கலியாணம் வைத்த நேரம் கோச்சி இடைக்கிடைதான் ஓடியது. ஒரு கிழமை வரும், மறு கிழமை எங்காவது பாலத்தில் வெடி வைத்தால் நிற்கும். பேர்தான் மெயில் வண்டி, மெயிலைத் தவிர மற்றதெல்லாம் ஏற்றும். “நான் போய் எடுத்துத்து வாறன் மச்சான்,” என்றான் வினாயகமூர்த்தி. அவனை ஏற்றிவிட நான் தோணியில் வாவி கடந்து மருதஞ்சேனை ஸ்டேசனுக்குக் கூடப் போனேன். அதுதான் நான் செய்த வேலை. வேறு ஒன்றும் செய்யவில்லை. இதை அன்று எத்தனையோ தரம் சொன்னேன், ஒருவரும் ஏற்கவில்லை.

மருதஞ்சேனை சின்ன ஸ்டேசன். ஒரு மேடை, ஒரு சாமான் அறை, டிக்கட் யன்னலுக்கு மேலே மாதா படம். அந்தப் படம் ஸ்டேசன் மாஸ்டர் ஹெக்டருடையது. மேடையின் தலைப்பில் மண்மூட்டை அடுக்கிய சென்றி. அதற்குள் ஆமிக்காரர்.

வண்டி புறப்பட்டு, கடைசிப் பெட்டி சென்றியைக் கடக்கும்போது வினாயகமூர்த்தி யன்னலால் தலையை நீட்டினான்.

“மச்சான்! நாளைக்குக் கொச்சி வரும்! வந்த கையோட தூளாக்கிப் போடணும்!”

தூரத்துக்குக் கத்தும்போது குறில் நெடிலாகும். யாராக இருந்தாலும் ஆகும். அவன் வாயில் அது ‘கோ...ச்சி’ என்று வாவி முழுக்கக் கேட்டது.

நானும் புத்தி கெட்டவன். “நீ பயப்பிடாம போ! ஆக்கள் எல்லாம் ஆயத்தம்! ஒண்டும் மிச்சம் விடாம இடிச்சுப் போடுவம்!” என்று கத்தினேன்.

“முதல்ல நெருப்புக் காட்டணும்! நெருப்புக் காட்டாம விட்டிராத!”

“அதெல்லாம் பொம்புளையள் பாத்துக்குவாங்க!”

கோச்சி வளைவில் மறைந்தது. நான் கிறுகிப் பார்த்தேன். என் மூக்குக்கு முன்னால் ஒரு துவக்கு நின்றது. அதன் மறு நுனியில் நின்ற ஆமிக்காரப் பொடியனின் முகம் என் முகத்தைவிடப் பயந்துபோய் இருந்தது. பயந்தவன் கையில் துவக்கு இருப்பதுபோல் பயங்கரம் உலகத்தில் இல்லை. அவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். கொஞ்சம் தெரிந்ததுதான் பிழையாகப் போயிற்று.

கப்டன் இளம் ஆள், கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஹெக்டரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்க வைத்தார். நான் நிலத்தில் இருந்தேன்.  

“நாளைக்குக் கோச்சியத் தூளாக்கப் போறீங்களாமே, எத்தனை பேர்?” என்று கேட்டார் ஹெக்டர், கப்டனின் குரலில்.

“கோச்சி இல்ல மாஸ்டர், கொச்சி! கொச்சிக்காய்! சொல்லுங்க அவரிட்ட!”

ஹெக்டர் சொன்னார். கப்டன் வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு அவர் சொன்னது எனக்கே விளங்கியது. சிங்களத்தில் கொச்சி என்றால் குசினிக்குப் பின்பக்கக் கோடியில் நிற்கிற சின்ன உறைப்பு மிளகாய். ஒன்றைக் கடித்தால் ஒரு குடும்பம் அழும். அதை மூட்டையில் கொண்டுவந்து இடித்துத் தின்கிறார்களா? எந்த மனிதன் தின்பான்?

“நாங்க தின்னுவம் சேர்,” என்றேன்.

அவர் நம்பவில்லை. ஹெக்டரைப் பார்த்து, “இந்த ஆளை உமக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும் சேர். நல்லரத்தினம். மரியாதையான ஆள்.”

“மரியாதையைக் கேட்கவில்லை. உண்மை பேசுகிற ஆளா?”

ஹெக்டர் வாயைத் திறந்தார். அப்படியே அவருடைய கண் மாதா படத்துக்குப் போயிற்று.  போன மாதம்தான் அவரிடம், வாவி முதலை ஒன்று ஏறாவூரில் கோச்சியில் ஏறி, டிக்கட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்து மட்டக்களப்பில் இறங்கியதை நான் கண்ணால் கண்டதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முதல் மாதம் வேறொன்று. ஹெக்டர் பூசை தவறாத மனிதர்.

“சேர்,” என்றார் கடைசியில், மிகவும் மெதுவாக, “இவர் உண்மை பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.”

கப்டன் தலையாட்டினார். வாக்குமூலம் முடிந்தது.

என்னை டவுனுக்கு அனுப்ப ட்ரக் கூப்பிடச் சொன்னார். டவுனில் எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. அங்கே போனவர்களின் தாய்மார் முகாம் கேற்றுக்கு முன்னால் குடையோடு நிற்பதை எல்லாரும் கண்டிருக்கிறோம். குடை பழசாகும், புதுக்குடை வாங்குவார்கள், பிள்ளை வராது. எனக்குத் தாய் இல்லை. மங்கையற்கரசி நிற்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது.

அப்போது ஹெக்டர் ஒரு காரியம் செய்தார். அவர் கப்டனிடம் கேட்டார்: “சேர், நாளைக்குக் கோச்சி வருமட்டும் வெச்சிருங்களன். கோச்சி முழுசா வந்து, அதில கொச்சிக்காயும் வந்தா இவர் சொன்னது மெய். வராட்டி உங்கட விருப்பம்.”

கப்டன் என்னைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார். “சரி. நாளை வண்டிக்கு ஏதாவது நடந்தால் ட்ரக் தேவைப்படாது,” என்றார். இதை ஹெக்டர் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காமலே விளங்கியது.

சாமான் அறையில் பூட்டினார்கள். இருட்டில் இருந்து கணக்குப் போட்டேன். கோச்சியைத் தூளாக்க நான் நினைக்கவில்லை, மெய். ஆனால் நினைக்கிறவர்கள் இல்லாத ஊரா இது? ஒவ்வொரு பாலமாக நினைத்துப் பார்த்தேன். எந்தப் பாலத்துக்குக் கீழே எவன் வயரோடு படுத்திருக்கிறானோ? அவனுக்கு என்னைத் தெரியாது. அவன் பட்டனை அழுத்தினால் இங்கே நான் போய்விடுவேன். அன்று இலங்கைத் தீவில் அந்தக் கோச்சி பத்திரமாக வர வேண்டும் என்று என்னைவிட அதிகம் விரும்பியவர் இருந்திருக்க முடியாது, ரெயில்வே மந்திரியைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். கண்ணகி அம்மனுக்கு நேர்ந்தேன், மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்ந்தேன், சுவருக்கு மறுபக்கம் தொங்கிய ஹெக்டரின் மாதாவுக்கும் நேர்ந்தேன். மாதா நான் சொன்னதை நம்பினாரோ தெரியாது.

காலையில் வெளியே இழுத்து மேடையில் இருத்தினார்கள். வெயில் ஏறியது. கப்டன் வடக்கே வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே தரை பலகைபோல் மட்டம், குன்று இல்லை, குளம் இல்லை. ஆனாலும் தண்டவாளம் வாவிப் பக்கமாக ஒரு அரைவட்டம் அடித்துத்தான் வரும்.

“நேரே போட்டிருக்கலாமே, ஏன் வளைத்தார்கள்?” என்று அவர் சும்மா தனக்குத்தானே கேட்டார். ஹெக்டர் பழக்கதோஷத்தில் அதையும் மொழிபெயர்த்துவிட்டார்.

பயம் வந்தால் சிலருக்கு வாய் மூடும். எனக்குத் திறக்கும்.

“அது எருமையால வந்த வளைவு சேர்,” என்றேன். “வெள்ளைக்காரன் தண்டவாளம் போட்டுத்து நேராத்தான் வந்தவன். இந்த இடத்தில ஆச்சிப்பிள்ளை எண்ட பொம்புளையின்ட எருமை படுத்துக் கிடந்தது. எழும்பல்ல. அடிச்சுப் பாத்தாங்க, ஊதிப் பாத்தாங்க, பொலிஸ்காரனைக் கொண்டந்து சட்டம் வாசிச்சுப் பாத்தாங்க. ஆச்சிப்பிள்ளை சொன்னா, ‘அது எழும்புற நேரம் எழும்பும், நீ உன்ட வேலையப் பாரு’ எண்டு. லண்டனில இருந்து தந்திக்கு மேல தந்தி. என்ன செய்யிற? எருமையச் சுத்திப் போட்டாங்க. கடைசி ஆணி அடிச்சு முடிய எருமை எழும்பிப் போயிற்று.”

ஹெக்டர் ஒரு சொல் விடாமல், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் மொழிபெயர்த்தார். கப்டன் வளைவைத் திரும்பிப் பார்த்தார்.

“பிறகு எருமைக்கு என்ன நடந்தது?”

“அடுத்த கிழமை கோச்சியில அடிபட்டுச் செத்தது சேர்.”

துவக்கோடு நின்ற பொடியன் ஒரு சத்தம் போட்டான். சிரிப்பை இருமலாக்கிய சத்தம். எனக்குள் கொஞ்சம் உயிர் வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கவில்லை. “இப்பவும் ட்ரைவர்மாருக்கு அந்த இடம் பயம் சேர்,” என்று தொடர்ந்தேன். “மாடு நடக்கிற வேகத்துக்குக் குறைச்சுத்தான் வருவாங்க. அதுவும் சின்னப் பாலத்தடியில எஞ்சின் நிண்ட மாதிரித்தான்.”

ஹெக்டர் மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். அவர் உதடு வெளிறிப் போயிருந்தது. “அண்ணன்,” என்றார், “நீங்க இப்ப என்ன சொன்னீங்க எண்டு தெரியுமா?”

அப்போதுதான் விளங்கியது. வெடி வைக்கத் தோதான இடத்தை என் வாயாலேயே காட்டிக் கொடுத்திருந்தேன். கொஞ்சம் தமிழ் தெரிந்த பொடியன் அதைக் கப்டனின் காதில் ஓதினான். அவன் முகத்தில் இருமல் இல்லை இப்போது. கப்டன் நாலைந்து பேரை வளைவுக்கு அனுப்பினார். “இவனுக்குப் பாதை நன்றாகப் பாடம்,” என்றார். பொய் சொன்னதற்கு இப்படி, உண்மை சொன்னதற்கு இப்படி. நான் வாயை மூடினேன். பிறந்த நாளிலிருந்து நான் அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தது அன்றுதான்.

கோச்சி வரவேண்டிய நேரம் வந்தது. கோச்சி வரவில்லை. ஹெக்டர் உள்ளே போய் டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினார். மறுபடி சுற்றினார். வெளியே வந்து, “லைன் செத்துப் போச்சு,” என்றார்.

 வாவியில் ஒரு தோணியும் இல்லை. ஆமிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வளைவுக்கு அனுப்பிய பொடியன்கள் அங்கே புல்லுக்குள் படுத்திருப்பது தெரிந்தது. அவர்களுக்கும் தாய்மார் இருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் பயம் குறையவில்லை, இரண்டு மடங்கானது. நிழல் மேடையிலிருந்து இறங்கித் தண்டவாளத்துக்குப் போயிற்று. கப்டன் சென்றிக்குள் போய் வயர்லெஸ்ஸில் பேசினார். திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்க்காமல் வந்தார். ஒரு மனிதன் உன் முகத்தைப் பார்க்காமல் உன்னிடம் நடந்து வந்தால் அதன் அர்த்தம் ஒன்றுதான்.

“எழும்பு,” என்றார்.

எழும்பினேன். 

அந்த நேரத்தில் வளைவுக்கு அப்பால் ஊதிற்று. தமிழிலா சிங்களத்திலா என்று நான் கவனிக்கவில்லை.

கோச்சி முழுசாக வந்தது. எருமையைச் சுற்றி, மாடு நடக்கிற வேகத்தில், சின்னப் பாலத்தைத் தாண்டி, ஒரு பெட்டி குறையாமல் வந்தது. ஒரு பாலத்தில் சனத்தையெல்லாம் இறக்கி நடத்திக் கொண்டுவந்ததால் சுணங்கியதாம். எஞ்சினைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சலாம் போல் இருந்தது. ஆனால் அது பாதிதான். மற்றப் பாதி கடைசிப் பெட்டியில் இருந்தது.

ஆமிக்காரர் கடைசிப் பெட்டியை வளைத்தார்கள். கதவடியில் வினாயகமூர்த்தி வந்து நின்றான். மேடை முழுக்கத் துவக்கு. நடுவில் கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு நான். அவனும் கையைத் தூக்கினான்.

“கொச்சி எங்கே?” என்று கப்டன் கேட்டார்.

“சொல்லு மச்சான்!” என்று கத்தினேன்.

வினாயகமூர்த்தி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. வாவி கடக்கிற அந்தத் தொண்டையில் ஒரு காற்றுக்கூட வரவில்லை. திரும்பவும் திறந்தான், மீன் மாதிரி மூடினான். பிறகு, தூக்கிய கையில் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, உள்ளே சீற்றுக்குக் கீழே காட்டினான்.

யாரோ ஒருவன் குண்டு என்று கத்தினான். அவ்வளவுதான். ஆமிக்காரர் எல்லாரும் நிலத்தில் விழுந்தார்கள். சனம் மறுபக்கக் கதவுகளால் குதித்து வாவிப் பக்கம் ஓடியது. ஹெக்டர் டிக்கட் அறைக்குள் தவழ்ந்து போனார். மேடையில் நானும் கதவடியில் வினாயகமூர்த்தியும்தான் நின்றோம். கையைத் தூக்கச் சொன்னவர்கள் இறக்கச் சொல்லவில்லை.

மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து கப்டன் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார்: “நீ போ. நீ திற.”

பெட்டிக்குள் ஏறினேன். கூடைகள், ஒரு ஒற்றைச் செருப்பு, யாரோ பாதி கடித்த பணிஸ். கடைசிச் சீற்றுக்குக் கீழே இரண்டு சாக்கு மூட்டை. சணல் கயிற்றால் வாய் கட்டியிருந்தது. அதற்கு முன்னால் குந்தினேன். அது கொச்சிக்காய் என்று முதல் நாள் மத்தியானம் தொடக்கம் சத்தியம் செய்தவன் நான். அந்த இடத்தில் குந்தியபோது எனக்கே அது கொச்சிக்காயாகத் தெரியவில்லை. வினாயகமூர்த்திக்கு ஏன் குரல் வரவில்லை? திங்கிரிபண்டாவை எத்தனை வருடமாகக் காணவில்லை? இடையில் எத்தனை இடத்தில் வண்டி நின்றது, எவன் ஏறினான், எவன் இறங்கினான்? நான் சொன்ன பொய்களை எத்தனையோ பேர் நம்பியிருக்கிறார்கள். நான் சொன்ன உண்மையை நானே நம்பாமல் போன நேரம் அது.

முன்னால் கிடந்த மூட்டையின் முடிச்சு வரவில்லை.  பல்லால் கடித்து இழுத்தேன். சாக்கின் வாய் திறந்தது.

சிவப்பு.

ஒரு பிடி அள்ளினேன். அப்போதுதான் நெடி மூக்கில் ஏறிற்று. முழு நாளும் அடக்கி வைத்த மூச்செல்லாம் சேர்ந்து ஒரு தும்மலாக வந்தது. அந்தத் தும்மலில் பெட்டியின் யன்னல் இரண்டு தானாக விழுந்து மூடின என்று வினாயகமூர்த்தி பிறகு சொன்னான். வெளியே ஆமிக்காரர் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார்களாம். நான் கொச்சிக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணால் மூக்கால் தண்ணி ஒழுக, கதவடியில் வந்து நின்றேன்.

“கொச்சி, சேர்,” என்றேன்.

கப்டன் எழும்பி மண்ணைத் தட்டினார். வந்து ஒன்றை எடுத்து உடைத்து மணந்து பார்த்தார். தும்மினார். பொடியனைப் பார்த்தார். பொடியன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

“போ,” என்றார்.

மூட்டைக்கு ஒருவராகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். மேடையின் கடைசிப் படியில் கால் வைக்க, பின்னால் “நில்!” என்று சத்தம். நின்றோம். கிறுகிப் பார்க்கவில்லை. முதுகுத் தோல் தன் பாட்டில் சுருங்கியது. சப்பாத்துச் சத்தம் நெருங்கி வந்தது. வந்தவன் அந்தப் பொடியன். தொப்பியைக் கழற்றி நீட்டினான்.

“கொஞ்சம் தாங்க, ஐயா,” என்றான் தமிழில். “எங்கட கறியிலயும் இல்ல.”

திறந்த மூட்டையிலிருந்து தொப்பி நிறைய அள்ளிப் போட்டேன். 

தோணியைத் தள்ளி வாவியின் நடுவுக்கு வந்தோம். பிறகு வினாயகமூர்த்தி வாயைத் திறந்தான். அவன் மெல்லப் பேசுவதை அன்றுதான் கேட்டேன். துடுப்புச் சத்தத்தில் பாதி போயிற்று.

“மச்சான், நீ மூட்டையத் திறக்கக்குள்ள பயப்பிட்டயா?”

“எனக்கென்ன பயம்? கொச்சிக்காய் எண்டு தெரியும்தானே,” என்றேன்.

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்குத் தெரியா மச்சான்,” என்றான். “திங்கிரிபண்டா வீட்டில இல்ல. ஆரோ ஒரு ஆள், அவன்ட மருமகன் எண்டு சொன்னான். கட்டின மூட்டையத்தான் தந்தான். நான் வாயத் திறந்து பாக்கல்ல. அங்க நிண்டு திறந்து பாக்க ஏலுமா?”

நான் துடுப்பை நிறுத்தினேன். தோணியில் எங்களுக்கு நடுவில் இரண்டு மூட்டை கிடந்தது. ஒன்று வாய் திறந்து கிடந்தது. மற்றது, சணல் முடிச்சோடு, கட்டினது கட்டினபடி.

“இதைத் திறந்து பாரன்,” என்றான் அவன்.

“நீ கொண்டந்த சாமான். நீ திற.”

“நீதானே பயமில்ல எண்ட?”

ஒருவரும் திறக்கவில்லை. தண்ணிக்குள் தள்ளிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கும் தோன்றியது, அவன் கண்ணில் கண்டேன். ஆனால் கலியாணத்துக்கு ஒரு மூட்டை போதாது.

தோணி கரை தட்டியது. கரையில் பொம்புளைகள் உலக்கையோடு வந்து நின்றார்கள், முன்னால் மங்கையற்கரசி. நாங்கள் இரண்டு பேரும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி? சொன்ன நேரத்துக்கு ஒரு நாளாவது வந்திருக்கிறீங்களா?” என்றாள் அவள். தோணிக்குள் காலை வைத்து, கட்டிய மூட்டையையே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

“மெதுவா வையுங்க அக்கா!” என்று வினாயகமூர்த்தி சொன்னான். அது அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் மூட்டையை உரலடியில் தொப்பென்று போட்டாள். அரிவாளை எடுத்து முடிச்சை அறுத்தாள். நாங்கள் தோணிக்குள் கவிழ்ந்து படுத்துக் காதைப் பொத்தினோம். பொத்திய காதுக்குள் முதல் உலக்கை விழுகிற சத்தம் டொங்கென்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மூன்றாவதும் கேட்ட பிறகுதான் நான் ஒரு காதிலிருந்து கையை எடுத்தேன். அவன் இரண்டையும் எடுக்கவில்லை.